மவுண்டிங்கை மாற்றும் முன் எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியையும், அதற்குத் தரப்பட்டிருந்த பதிலையும் படித்தேன். அவருடையது 18 வருடப் பழைய பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறுகின்றன, வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை என்று எழுதியிருந்தார். "ரப்பருக்கு வயதாகிவிட்டது, இன்ஜின் மவுண்டிங் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள்" என்று பதில் முடிந்துவிட்டது. மவுண்டிங் என்றால் இன்ஜினைப் பாடியோடு பிணைத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் தாங்கி. கார் பணிமனையிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். இந்த ஒரு வரிப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மவுண்டிங் காரணமாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். ஆனால் அந்த வாசகரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இன்ஜினே உதறுகிறதா, அல்லது ஒழுங்காக ஓடும் இன்ஜினின் இயல்பான அதிர்வு பாடிக்குக் கடந்து வருகிறதா? இரண்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு. இன்ஜின் மிஸ் அடிக்கும் (ஏதோ ஒரு சிலிண்டரில் வெடிப்பு நடக்காமல் தவறும்) காருக்குப் புது மவுண்டிங் போடுவது, ஜுரத்தில் நடுங்குகிறவனுக்குப் போர்வையை மாற்றிக்கொண்டிருப்பது மாதிரி. கொஞ்ச நாள் உதறல் குறைந்த மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. எரியாத பெட்ரோல் அந்தச் சிலிண்டரிலிருந்து நேராக சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றி உள்ளேயே உருக வைத்துவிடும். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னுகிறது என்றால் கார் அதைத்தான் சொல்கிறது. அந்த நிலையில் வண்டியை விரட்டக் கூடாது.

பழைய கார் எதுவானாலும் பானெட்டைத் திறந்து பார்த்தால் மவுண்டிங் ரப்பரில் மேலாக நாலு வெடிப்பு இருக்கத்தான் செய்யும். டார்ச் அடித்துக் காட்டினால் உரிமையாளரும் தலையாட்டிவிடுவார். மற்ற காரணங்கள் கண்ணுக்குத் தெரியாதவை, தேடத்தான் வேண்டும். எல்லாப் பழியும் மவுண்டிங் மேலேயே விழுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு தடவை வெடிப்பு நடக்கும். ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், 750 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 750 சுற்று) என்றால் நிமிஷத்துக்கு 1500 வெடிப்பு, அதாவது நொடிக்கு 25. அவ்வளவு வேகமான அதிர்வை யாரும் எண்ண முடியாது, 'கிர்' என்று ஒரு சிலிர்ப்பாகத்தான் தெரியும். நாலில் ஒன்று செத்துவிட்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஓர் உதை விடுபடும். அது நொடிக்கு ஆறு தடவை சொச்சம். இந்த ஆறு, உடம்புக்குத் தனித்தனி உலுக்கலாகவே தெரியும். சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கவனியுங்கள். ஒரே சீரான 'கிர்' என்றால் மவுண்டிங்கையோ, எங்கேயாவது பாடியில் உரசிக்கொண்டிருக்கும் சைலன்சர் குழாயையோ சந்தேகிக்கலாம். 'தட், தட், தட்' என்று தாளத்தில் இடித்தால் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டது. தாளமே இல்லாமல் எப்போதாவது ஒரு குலுக்கல் என்றால் காற்றோ, பெட்ரோலோ, கரண்டோ ஏதோ ஒன்று நிலையில்லாமல் வருகிறது. மூன்று சிலிண்டர் வண்டிக்காரர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அந்த இன்ஜின் பிறவியிலேயே கொஞ்சம் ஆடும். புதிதில் எப்படி இருந்ததோ அதோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்து, காரின் பின்பக்கம் போங்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு ஐடிலிங்கில் விடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தின் மேல் ஓரத்தைப் பிடித்து, சைலன்சர் வாய்க்கு நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். நல்ல இன்ஜின் என்றால் காகிதம் ஒரே பக்கமாக விலகி, படபடவென்று நடுங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். மிஸ் இருந்தால் விலகிய காகிதம் ஒரு கணம் தளர்ந்து திரும்பி வரும், மறுபடி விலகும். தளர்வது ஒரே தாளத்தில் இருந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர்தான். அவ்வப்போது குழாயை நோக்கியே உள்ளே இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்று பார்க்க வேண்டும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: 'பொக் பொக் பொக்' என்று வரும் ஓசையில் 'புஸ்' என்று ஒன்று நடுவில் வரும். ஸ்கேனர் கையில் இல்லாத காலத்தில் பாதி நோயை இங்கேயே பிடித்திருக்கிறோம்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. இராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் ஓடவிட்டு, சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளைக் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்றில் 'சுர்'ரென்று ஆவியாகும். நாலாவதில் சொட்டு அப்படியே வழிந்து இறங்கும். அதுதான் உங்கள் ஆள். மேலே தகடு மூடியிருக்கும் வண்டிகளில் இதைச் செய்ய முடியாது. அங்கே பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒன்றொன்றாகக் கழற்றி மாட்டலாம். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றியதும் இன்ஜின் தொய்ந்து இன்னும் மோசமாக உதறும். எதைக் கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கனவே படுத்துக் கிடக்கிறது. ஓபிடி ரீடர் (காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) மாட்டக்கூடிய வண்டி என்றால் அதுவே சொல்லும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நாலாவது, பி0300 என்றால் ஒன்றில் மட்டும் இல்லை, மாறி மாறி மிஸ் ஆகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடும் இன்ஜினில் பிளக் கேபிளை வெறுங்கையால் பிடுங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு முந்தைய பிளாட்டினம் பாயிண்ட் காலத்து வண்டியில் ஒரு அடி வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனில் பல்லாயிரம் வோல்ட் வருகிறது. போக வழியில்லாத கரண்ட், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலையும் பொசுக்கும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே நிற்கக் கூடாது. டீசல் வண்டிக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய பம்ப் டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒன்றொன்றாகத் தளர்த்தி மிஸ் பார்ப்போம், சரிதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசலைத் தேக்கி வைக்கும் காமன் ரெயில் டீசலில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே அதில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஊசி முனை அளவுக் கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வலி பெரிதாகத் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

சிலிண்டர் தெரிந்துவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் முனை வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது தீப்பொறி பலவீனம். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று வருகிறது. தனித்தனி காயில் உள்ள வண்டியில் சந்தேகப்பட்ட காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயிலின் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துவிடுவது) வைத்த பழைய வண்டி என்றால் இருட்டில் பானெட்டைத் திறந்து கேபிள்கள் மேல் லேசாகத் தண்ணீர்த் துவாலை அடியுங்கள். ஓட்டை விழுந்த கேபிளில் நீலப் பொறி ஊர்வது தெரியும்.

தனி ஒரு சிலிண்டரைக் குற்றம் சொல்ல முடியாமல் மொத்த இன்ஜினும் தள்ளாடினால், என் அனுபவத்தில் பாதிக்கு மேல் காற்றுக் கசிவுதான். ஐடிலிங்கில் த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் மிகக் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கொஞ்சத்தில் ஒரு சின்ன வெடிப்பு வழியாக வரும் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஆக்ஸிலரேட்டர் கொடுத்துவிட்டால் உள்ளே போகும் காற்று பல மடங்காகிவிடுகிறது, அதே கசிவு ஒரு பொருட்டே இல்லை. "வண்டி ஓடினால் ஒன்றும் தெரிவதில்லை" என்று அந்த வாசகர் எழுதியிருந்தாரே, அந்த வரியைப் படித்ததுமே எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. ரீடரில் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) பார்த்தால், கசிவுள்ள வண்டியில் ஐடிலிங்கில் கூட்டல் பத்து சதவிகிதத்துக்கு மேல் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கும். இது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் கசிவு இருந்தால் பெரும்பாலும் ஐடிலிங் ஏறித்தான் நிற்கும்.

இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் இப்போது குறைவு. நான் அதை விடவே இல்லை. நல்ல பெட்ரோல் இன்ஜினில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை முள் அசையாமல் நிற்கும். ஆயிரம் அடி மேலே போனால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். முள் தாழ்ந்து ஆனால் நிலையாக நின்றால் கசிவோ, டைமிங் (தீப்பொறியோ வால்வோ இயங்கும் நேரம்) பின்தங்கியதோ. டைமிங் பெல்ட் மாற்றியபோது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் இப்படிக் காட்டும், ஆகவே பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கிய உதறலா என்று கேட்டுவிடுவது நல்லது. ஒரே தாளத்தில் முள் வெட்டி வெட்டி இறங்கினால் வால்வு.

இதில் பலரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. வேறெங்கோ மவுண்டிங் மாற்றி, உதறல் போகாமல், மறுபடி வேறு கம்பெனி மவுண்டிங் மாற்றி, அப்புறம் என்னிடம் வந்த வண்டி ஒன்று. பிளக், கேபிள், காயில் எல்லாம் சுத்தம். இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், இன்ஜின் ஓசையில் ஒரு மாற்றமும் இல்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். மிதித்ததும் உதறல் கூடியது, காலருகே 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்ததும் இன்ஜின் அமைதியாகிவிட்டது. பூஸ்டருக்குள் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏன் உதறுகிறது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது: சிக்னலில்தானே காலைப் பிரேக்கில் வைத்திருக்கிறோம்! இது உதறலோடு போகிற விஷயமும் இல்லை, பிரேக் விஷயம். மவுண்டிங்கை மூன்றாவது தடவை மாற்றியிருந்தாலும் தெரிந்திருக்காது.

கசிவு இல்லை என்றால் த்ராட்டில் பாடியையும் ஐடிலிங்கில் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கரி அடைத்து ஐடிலிங் 750 இருக்க வேண்டிய இடத்தில் 600க்கு இறங்கிவிட்டால் எந்தப் புது மவுண்டிங்கும் அதைத் தாங்காது. ஏசி போட்டதும் ஆர்பிஎம் சற்றுத் தொய்ந்து உடனே நிமிர வேண்டும், நிமிராவிட்டால் சந்தேகம் இங்கேதான். எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் ஐடிலிங்கில் மட்டும் இதே கதை. சிலர் இதையெல்லாம் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஆயிரத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். உதறல் மறையும், உரிமையாளரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். நோய் அப்படியே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு சிலிண்டர் எழவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் கிராங்க் செய்ய வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். பத்து, பதினைந்து சதவிகிதத்துக்கு மேல் போனால் சரியில்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கிறது. கேஸில் ஓடும் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வால்வு சீட் தேய்ந்து டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) குறைந்துகொண்டே வரும். இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். குறைந்தால் சத்தமே இருக்காது, இன்ஜின் சூடானதும் வால்வு முழுசாக மூடாமல் உதறும், நாளடைவில் வால்வு எரியும். காலையில் நன்றாக இருந்து, சூடேறியபின் உதறும் கேஸ் வண்டியில் டாப்பெட்டைப் பார்க்காமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

சரி, இன்ஜின் சீராக ஓடுகிறது, காகிதம் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் ஸ்டீயரிங் உதறுகிறது. இப்போது மவுண்டிங் பக்கம் வரலாம். பானெட்டைத் திறந்து வைத்து, காருக்கு முன்னால் யாரும் நிற்காமல், ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கட்டும், பிறகு ரிவர்ஸில். ஆட்டோமேட்டிக் என்றால் டி, ஆர் மாற்றினாலே போதும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து திரும்புவது இயல்பு. ஒரு பக்கம் துள்ளி எழுந்து 'டொக்'கென்று விழுந்தால் அந்தப் பக்க மவுண்டிங் பிரிந்துவிட்டது. எண்ணெய் நிரப்பிய மவுண்டிங் என்றால் கீழே கறுப்பாக வழிந்த தடம் இருக்கும். துள்ளாமல், வழியாமல், ரப்பர் வெறுமனே இறுகிப் போயிருப்பதும் உண்டு. அப்போது ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் இன்ஜினை ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓரத்தில் மிக மெல்லத் தாங்கிப் பாருங்கள். பாரம் குறைந்ததும் உதறல் மாறினால் மவுண்டிங்தான். சம்ப் தகட்டின் நடுவில் அழுத்தம் கொடுத்தால் அது நசுங்கும், கவனம்.

கேள்வி கேட்ட வாசகர் இதற்குள் மவுண்டிங் செட் வாங்கியிருந்தால் அவருக்காக இதையும் எழுதிவிடுகிறேன். எண்ணெய் நிரப்பியது இருந்த இடத்தில் வெறும் ரப்பரைப் போட்டால் உதறல் கூடத்தான் செய்யும், குறையாது. மாட்டும்போது எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றி, தளர்வாக விட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து சில நொடி ஐடிலிங்கில் ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜின் தானாக ஓர் இடத்தில் அமரும். அதன் பிறகு குறித்த டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும், இன்ஜின் முன்பின் சாயாமல் பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கும் டார்க் ராடைக் கடைசியாக. இழுத்துப் பிடித்து முறுக்கிய புது மவுண்டிங் கிழிந்த பழையதைவிட அதிகமாக உதறும். சைலன்சரின் முன் குழாய் பாடியிலோ கிராஸ் மெம்பரிலோ (குறுக்குச் சட்டத்திலோ) தொடாமல் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் அப்போதே கையை விட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள், குழாய் சூடாவதற்கு முன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக் ஒருவர்